ஒரு கரண்டி மழைச்சோறு

கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

வெளியே ஊர்ப் பெண்கள். கையில் பானை. மழைச்சோறு கேட்டு வீடு வீடாக வருகிறார்கள்.

வானம் ஏமாற்றினால் இந்த ஊரில் அப்படித்தான். எல்லா வீட்டிலும் ஒரு கரண்டிச் சோறு வாங்குவார்கள். ஒன்றாகப் பிசைவார்கள். கண்மாய்க்கரையில் உட்கார்ந்து, மேலே பார்த்து ஒப்பாரி வைத்தபடி தின்பார்கள். ஒரு வீடு விட்டுப்போனாலும் மழை வராது.

ஒரு வீடு விட்டுப்போகட்டுமே என்றுதான் அவள் வாசலில் கிடந்த செருப்பைக்கூட உள்ளே எடுத்து வைத்திருந்தாள்.

இத்தனைக்கும் அவள் நெல் ஆராய்ச்சி செய்கிறவள். சோற்றுக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று அடித்துச் சொல்வாள்.

இருந்தாலும் எதற்கு வம்பு?

ஊர்க்கோடியில், உவர் மண்ணில், அவளுடைய நெல் பூத்து நிற்கிறது. போர்வெல் தண்ணீரில் வளர்த்து, பூக்கிற நேரம் பார்த்துத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறாள். இப்படிக் காயப்போட்டும் எந்த ரகம் மணி பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் ஒரு வாரம் மழை கூடாது.

தூறல்கூடக் கூடாது.

முதல் வருடம் புயல். போன வருடம், யாரும் எதிர்பார்க்காத மழை. வயலில் தவளை கத்தியது. அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

வயலுக்குக் கூரை கேட்டு மேலே எழுதினாள். மழையே பெய்யாத ஊருக்கு எதற்குக் கூரை என்று பதில் வந்தது.

இந்த வருடமும் நனைந்தால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள். இத்தனை பாடும் யாருக்காக என்றால், வாசலில் பானையோடு நிற்கிறார்களே, அவர்களுக்காகத்தான்.

கதவைத் தட்டினார்கள்.

அவள் அசையவில்லை.

"ஆளில்ல போலடி" என்று ஒரு குரல்.

அப்பாடா.

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது.

வெளியே சிரிப்பு.

"மேடம், சோறு வெந்துருச்சு. கதவத் தொறங்க."

இருளாயி. இவள் வயலில் களை எடுக்கிறவள். போன வருடம் வரப்பில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தானையால் இவள் மூக்கைத் துடைத்துவிட்டவள்.

திறந்தாள். அசடு வழிந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு வாரம் தள்ளிக் கேக்கலாமா?"

"இதென்ன டவுன் பஸ்ஸா மேடம், அடுத்த வண்டிய அனுப்புன்னு சொல்ல?"

"நான் போட்டாலும் போடாட்டியும் ஒண்ணும் ஆகாதுக்கா. இதெல்லாம் சும்மா."

"சும்மாதான? அப்பப் போடுங்க. நம்புற நாங்களே போட்டுட்டோம். நம்பாத உங்களுக்கு எங்க வலிக்குது?"

இப்படி ஒரு கேள்வியை அவளுடைய முனைவர் பட்டத் தேர்வில்கூட யாரும் கேட்கவில்லை.

உள்ளே போனாள். கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து வந்தாள்.

பானையைப் பிடித்திருந்தது பஞ்சவர்ணம். அவள் சிரிக்கவில்லை. புழுதியில் விதைத்த அவள் நெல் முளைத்து, விரலளவு வளர்ந்து, அப்படியே வெளுத்துக்கொண்டிருக்கிறது. பானைக்குள் சோறு விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவளுக்குப் பாவமாகிவிட்டது. திரும்பிப் போய் கரண்டி நிறைய அள்ளி வந்து போட்டாள்.

மனசில்லாமல்தான் போட்டாள். மனசில்லாமல் போட்டால் பலிக்காது என்றும் நினைத்துக்கொண்டாள்.

விஞ்ஞானி!

மதியம் கண்மாய்ப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது. போனில் வானிலை பார்த்தாள். சூரியன் படம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். அதே சூரியன்.

சாயங்காலம் வயலுக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி வானம். நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

வரப்பில் பேச்சுக்குரல்.

அதே பெண்கள். பானை இல்லை. தலையில் சுருட்டு சுருட்டாக ஏதோ. கக்கத்தில் கருவேலங்கம்பு.

வரப்பில் இறக்கி வைத்து விரித்தார்கள். தார்ப்பாய். டெம்போ மூடுகிற படுதா. மற்றதெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர். பூப்புனித நீராட்டு விழா. காதணி விழா. போன மாதம் காலமான பெரியவர் ஒருவர், கண்ணீர் அஞ்சலியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"எதுக்கா? மழை வருதுல்ல. மறுபடியும் வரப்புல உக்காந்து அழுவீங்க. யாரு பாக்குறது அத?"

"யார் குடுத்தா?"

"வீடு வீடாப் போயி வாங்குனோம். ஒரு வீடு விட்டுப்போகல."

அவள் குனிந்து ஒரு பேனரின் மடிப்பை நீவிவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கே ஒன்றுமில்லை. மேற்கே ஒன்றுமில்லை. மருந்துக்குக்கூட ஒரு மேகம் கிடையாது.

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

இருளாயி அதற்குள் கம்பு ஊன்ற ஆரம்பித்திருந்தாள். பஞ்சவர்ணம், பூத்த கதிரில் இடிக்காமல் காதணி விழாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதியம் முழுக்க ஒப்பாரி வைத்ததில் குரல் கட்டிப்போயிருந்தது.

"அந்த மூலையப் பிடிங்க மேடம்."

பிடித்தாள். கயிற்றைக் கம்பில் சுற்றினாள். ஒரு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் இறுக்கிக் கட்டுங்கக்கா" என்றாள். "காத்தோட வரும்."