எழுந்தவர் விட்டுப்போன சூடு

“என் பையன் உயிரோட இருக்கான். உங்க பேப்பர்லதான் எழுதறான்” என்றாள் மெர்ல்.

சனிக்கிழமைப் பக்கங்களைக் கவனிக்கும் உதவி ஆசிரியர் பாஸ்கோ, தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மழைக்கோட்டுக்குள் நனையாமல் கொண்டுவந்திருந்த குறுக்கெழுத்துப் புதிரை அவர் முன்னால் விரித்து, மேலிருந்து கீழாக ஓடிய ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

குறிப்பு: எழுந்து போனவர் நாற்காலியில் விட்டுச்செல்லும் சூடு. விடை: விம்லோ.

“அடக் கடவுளே, நீங்களுமா? இன்னிக்கு விடை வந்ததுலேருந்து போன் ஓயல. எந்த அகராதியிலயும் இல்லாத வார்த்தையாம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் என்னை நாடு கடத்தணும்கிறார். இதுக்கு மேல எங்கே கடத்துவார்? நம்ம பாட்டன்மாரையே கைதிங்களா இந்த டாஸ்மேனியாவுக்குத்தானே கடத்தி விட்டாங்க!”

மெர்ல் சிரிக்கவில்லை. “அகராதியில இருக்காது சார். அது எங்க வீட்டு வார்த்தை. ஈவன் நாலு வயசுல உண்டாக்கினது.”

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், ஈவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டு “விம்லோ!” என்று கத்துவான். வளர்ந்த பிறகு அந்த நாற்காலி அவனுடையதாகவே ஆகிவிட்டது. சனிக்கிழமை காலைகளில் அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து அம்மாவோடு கட்டங்களை நிரப்புவான். போயே இராத நாட்டு நதிகள், அழிந்துபோன பறவைகள், இப்போது யாரும் வாசிக்காத இசைக்கருவிகள் எல்லாம் இருவருக்கும் அத்துப்படி.

பத்தொன்பது வயதில் சிங்க இறால் பிடிக்கும் படகில் போனான். படகின் பலகை ஒன்று கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

“அந்தச் செய்தியை நானும் படிச்சேன். நாலு வருஷம் ஆகுதேம்மா…” என்று இழுத்தார் பாஸ்கோ. “உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“கிளாரியைக் கேட்கறீங்களா? பையன் பேரை எடுத்தாலே எழுந்து கொட்டகைக்குப் போயிடுவார். நான் பேப்பரைப் பிரிச்சாலும் அதேதான். ‘கட்டத்தைக் கட்டிக்கிட்டு அழு’ன்னு சொல்லிட்டுப் போவார், சாப்பாட்டுக்குத்தான் வருவார். அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? பைத்தியம்னுடுவார்.”

அவள் குரல் தாழ்ந்தது.

“நேத்து சர்ச்சுலேருந்து தனியா திரும்பி வந்தேன். என்னமோ தோணிச்சு, ஈவன் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். சூடா இருந்துச்சு சார். நாலு வருஷமா நாங்க யாரும் அதுல உட்கார்றதில்ல.”

ஜன்னலில் மழை விரலால் தட்டுவதுபோல் தட்டியது. பாஸ்கோவின் கை ரோமங்கள் நின்றன. அவர் மெல்லச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“யார் சார் இந்தக் ‘கடற்காகம்’?” புதிருக்குக் கீழே அச்சாகியிருந்த புனைபெயரைக் காட்டினாள்.

“சத்தியமா எனக்கே தெரியாதும்மா. நேர்ல வந்ததே இல்ல. மூணு வருஷமா புதிரெல்லாம் தபால்ல வருது. எப்பவாவது சந்தேகம் வந்தா கேட்கறதுக்குன்னு ஒரு நம்பர் மட்டும் கொடுத்திருக்கார்.”

“சின்ன வயசுக் குரலா?”

“பேசினாத்தானே தெரியும்? ‘சரி’ம்பார், வச்சிடுவார். இந்த வார்த்தையை எடுத்துடலாமான்னு கேட்டதுக்கு மட்டும் ‘கூடாது’ன்னார்.”

மெர்ல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமையிலிருந்து அவள் கண்ணுக்குள் ஒரே காட்சிதான். எங்கோ ஒரு தீவில், சொந்தப் பெயர் மறந்துபோய், வார்த்தைகளை மட்டும் மறக்காத ஒருவன் குனிந்து கட்டங்கள் வரைந்துகொண்டிருக்கிறான்.

“ஒரே ஒரு தடவை அவன் குரலைக் கேட்கணும். அப்புறம் உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்.”

“அவரு நம்பரை வெளி ஆளுக்குத் தரக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கோம்…”

“நான் வெளி ஆளா சார்?”

பாஸ்கோ தொலைபேசியை இழுத்து, எண்கள் தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு சுழற்றினார். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று யாரோ எடுத்தார்கள்.

“பாஸ்கோ பேசறேன். ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

இரண்டு கைகளாலும் வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள் மெர்ல். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. நாலு வருடமாகக் கூப்பிட ஆளில்லாத பெயர் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் அந்தக் குரல் முந்திக்கொண்டது.

“தாராளமாப் பேசுங்க பாஸ்கோ. மெர்ல் வீட்ல இல்ல.”