ஜீன் மேடம்

"ஜீன் மேடம் சொல்றதப் பாத்தா, சித்திங்க கொடுமைக்காரங்களா இருக்கிறது இயற்கைதான் போல!"

"அவங்களே ஒரு பொண்ணுக்குச் சித்திதானே? பாவம்டி அந்தக் குழந்தை."

வகுப்பு வாசலில் காதில் விழுந்த பேச்சு. விலங்கியல் விரிவுரையாளருக்குக் கோபம் வரவில்லை. நேற்று நடத்திய பாடம் மாணவிகளுக்குப் புரிந்திருக்கிறதே!

தன் ஜீன் இல்லாத குட்டியிடம் பாசம் ஒட்டாது, மனிதனும் விலங்குதான் என்பது பாடம். அவளுக்கு அது ரொம்ப வசதியான பாடம். கல்யாணமாகி எட்டு மாதம். கணவரின் ஒன்பது வயது மகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளும் வலியப் போய்ப் பேசவில்லை. கூச்சம் என்று ஒப்புக்கொள்வதைவிட ஜீன் என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருந்தது.

போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து.

"பாப்பா மாடிப்படியில விழுந்துட்டா. முழங்கை கிழிஞ்சு ஒரே ரத்தம். பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறோம். அப்பா வெளியூராமே? நீங்க வர முடியுமா?"

பையை மேஜையிலேயே விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தாள்.

ஏன் இப்படி ஓடுகிறோம்? கணவரிடம் நல்ல பேர் வாங்க. அதற்குத் தியரி இருந்தது. கண் ஏன் கலங்குகிறது? பார்ப்பவர்களின் இரக்கத்தைச் சம்பாதிக்க. அதற்கும் இருந்தது. போகாமல் இருந்திருந்தாலும் இதே தியரி கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் என்று தோன்றியபோதுதான் லேசாக இடித்தது.

"அழாதீங்கம்மா, உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்ஸிக்காரர். அவர் எந்தத் தியரியும் படித்தவராகத் தெரியவில்லை.

கிளினிக்கில் சிறுமி உதட்டைக் கடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு தையல் போடணும். பிள்ளையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

"நான் பாத்துக்கறேன் டாக்டர். எத்தனை தவளை அறுத்திருக்கேன்!"

ஊசி தோலில் இறங்கியது. சுவர் சுழன்றது.

கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தது அவள்தான். சிறுமி பக்கத்து ஸ்டூலுக்கு மாறி, இடது கையை டாக்டரிடம் நீட்டியிருந்தாள். வலது கையில் மருந்துச் சீட்டு.

"ஆடாதே பாப்பா, தையல் கோணிடும்."

"அவங்களுக்கு வேர்க்குது டாக்டர்" என்ற சிறுமி, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் வேகமாக விசிறினாள்.