சுவரில் ஒட்டப்போகும் பெயர்கள்

"முதல் வரியில இறந்தவரோட பட்டம் வரணும். இங்கிலீஷ்ல அவருக்கு என்ன பட்டம், சின்யோரா?" என்று கேட்டார் அச்சுக்கூடத்து அம்ப்ரோஜியோ.

"ஏர்ல். நம்ம பேச்சுல கோன்டே."

ஒர்ஸோலா கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

இந்த இத்தாலியக் கடற்கரை ஊரான போர்திகேராவில் யார் செத்தாலும், கருப்புக் கரையிட்ட சாவு அறிவிப்புத் தாள் மதியத்துக்குள் மாதா கோயில் வாசலிலும் மீன் சந்தையிலும் சுவரில் ஏறிவிட வேண்டும். செத்தவர் பெயருக்குக் கீழே, அழுகிறவர்களின் பெயர்கள். முதலில் மனைவி. அந்த வரிசையில் இல்லாதவள் அந்த வீட்டுக்கு யாரோதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் இறந்துபோன இங்கிலீஷ் பிரபுவின் தங்கை லேடி சிபில். காலை ரயிலில் வந்து இறங்கியவள். அவள் இங்கிலீஷில் சொன்னாள்; ஒர்ஸோலா இத்தாலியனில் மாற்றினாள்; அம்ப்ரோஜியோ ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்தார்.

"அண்ணன் உங்களைப் பத்தி எழுதியிருக்கார். கடிதமெல்லாம் மொழிபெயர்க்க ஒரு அம்மா வர்றாங்கன்னு" என்றாள் சிபில், அன்பாகவே.

வருகிற அம்மா. கருப்பாயிருந்த கூந்தல் வெளுத்துப்போகும் வரை அவருடைய தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில் தலை வைத்துப் படுத்தவள். அவர் கோன்டே, ஆகவே அவள் கொன்டெஸ்ஸா. ரொட்டிக்காரனிலிருந்து பாதிரியார் வரை அப்படித்தான் கூப்பிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். இன்றைக்கு மட்டும் அம்ப்ரோஜியோ ஏனோ, எந்தப் பெண்ணையும் கூப்பிடுவதுபோல, வெறும் சின்யோரா என்கிறார்.

இங்கிலாந்தில் அவருக்கு மனைவி ஒருத்தி இருக்கிறாள் என்பது ஒர்ஸோலாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஊருக்குத்தான் தெரியாது.

மதியம் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, பிரபுவின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. பாரனெட்.

"பரோனெட்டோவா? பரோனுக்குத் தம்பியா?"

"பரோனுக்கும் கீழே."

"அட, அப்ப நம்ம ஆளுதான். சின்ன எழுத்து போதும்."

அவர் சின்ன எழுத்துகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"ஐயோ, முதல்ல போட வேண்டியதை மறந்துட்டேனே" என்றாள் சிபில். "விதவை. மார்கரெட், கவுன்டெஸ் ஆஃப் ஹார்ஸ்கோம்."

அம்ப்ரோஜியோவின் கை எழுத்துப் பெட்டிக்கு மேலே காத்து நின்றது.

ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும். ரொட்டிக் கடையில் தினமும் அவளுக்கென்று காதில் விழுந்த அதே கொன்டெஸ்ஸா.

கவுன்டெஸ் என்பதை ஒர்ஸோலா மாற்றவில்லை. இங்கிலீஷில் உள்ளபடியே எழுத்தெழுத்தாகச் சொன்னாள். விதவை என்பதைச் சொல்லவேயில்லை.

மாதிரித் தாளைச் சிபில் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். "எல்லாம் மாறியிருக்கு. இந்தக் கவுன்டெஸ் மட்டும் அப்படியே இருக்கே?"

"அதுக்கு எங்க பாஷையில வார்த்தை இல்லை, லேடி சிபில்."

சிபில் தலையசைத்துவிட்டு, வண்டி வந்ததா என்று பார்க்க வெளியே போனாள்.

அம்ப்ரோஜியோ மை உருளையை எடுத்தார்.

"உங்க பேரைக் காணோமே?"

"பெண்டாட்டி பேரைச் சுவர்ல போடற வழக்கம் அவங்களுக்குக் கிடையாது."

"அப்ப இந்த மார்கரெட்டு யாரு?"

"பெரிய நாத்தனார். கவுன்டெஸ் மார்கரெட். ரெண்டும் சேர்ந்துதான் பேரு."

அவர் உருளையை எழுத்துகளின் மேல் மெல்ல ஓட்டினார். குளிர்காலத்துக்கு இந்தக் கடற்கரைக்கு வரும் இங்கிலீஷ்காரர்களின் விசிட்டிங் கார்டுகளை அடித்தடித்தே தலை நரைத்தவர் அவர். லார்டும் டியூக்கும் கவுன்டெஸும் அந்தக் கைவழியே போகாத வருஷம் கிடையாது.

"நல்ல பேரு" என்றார், தலை நிமிராமல். "எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க? உட்காருங்க, கொன்டெஸ்ஸா."