பிரபுவுக்கும் ஓர் உருண்டை

நரசிம்மனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுநூறு வருஷங்களுக்கு முன் பிரான்சில் வாழ்ந்த ரெனோ பிரபுவின் வம்சத்தைப் பற்றிய ஆராய்ச்சியை முடித்துவிட்டார். பிரபுவின் ஒரே மகன் கப்பலேறிப் போனவன், திரும்பவே இல்லை. பிரபுவின் கல்லறைச் சிற்பம்தான் மிச்சம். அது இடது முஷ்டியை நீட்டியபடி இருந்தது. முஷ்டியின் மேல் இருந்த ஏதோ ஒன்று உடைந்து போயிருந்தது.

"சோறு வைக்க நாதியில்லாத மனுஷன். இன்னிக்கு அவருக்கும் ஒண்ணு வெச்சுடுவோம்!" என்றார் மனைவியிடம். அன்று ஆடி அமாவாசை.

"வெள்ளைக்காரருக்கு எள்ளுச்சோறா?" என்று சிரித்துக்கொண்டே வேதவல்லி உருட்டிக் கொடுத்தாள்.

அவர்கள் குடியேறியிருந்த கிளென் வேவர்லி வீட்டுப் பின்கட்டில், பார்பெக்யூ மேடைமேல் அப்பாவுக்கு ஒன்றும் பிரபுவுக்கு ஒன்றும் வைத்தார்கள். காக்கை வந்து பிரபுவின் உருண்டையைத் தின்றுவிட்டுப் பறந்தது.

"பாத்தியா! வந்துட்டார்!" நரசிம்மன் குதித்தார்.

"உங்க அப்பாவோடது அப்படியே இருக்கே."

அப்போது மணிச் சத்தம் கேட்டது. வல்லூறு ஒன்று இறங்கியது. அதன் காலில், வேட்டைக்குப் பழக்கிய பறவைக்குக் கட்டுவதுபோல், தோல்வாரும் சுண்டைக்காய் அளவு வெண்கல மணியும் இருந்தன. வல்லூறு சோறு தின்னாது. அது அப்பாவின் உருண்டையை ஒரு பருக்கை விடாமல் தின்றது.

"என்னங்க, கையை ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?"

நரசிம்மன் குனிந்து பார்த்தார். அவருடைய இடது முஷ்டி, கல்லறைச் சிற்பத்தில் இருந்ததைப் போலவே, தானாக நீண்டிருந்தது. வல்லூறு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. அந்தக் கனம் அவர் கைக்குப் பழகியதாக இருந்தது.