நாலாவது மென்பொருள்

"இன்னுமா முடியலை? மழை ரெண்டு வாரத்துல வந்துடும், தியாமிகே!" அறைக்குள் நுழையும்போதே கத்தினார் மேலதிகாரி நசோம்பா.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்த்துடறேன் சார்."

முலாஞ்சே மலையின் உயர அளவுகளைக் கொடுத்தால், எந்தச் சரிவில் விழும் மழை எங்கே போய்ச் சேரும் என்று கோடு போட்டுக் காட்டும் மென்பொருள் வேண்டும். விலையும் அந்த வெள்ள எச்சரிக்கை அலுவலகத்துக்குக் கட்டுப்படியாக வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பது தியாமிகேயின் பொறுப்பு.

"முதல்ல இலவசமா ஒண்ணு இறக்கினியே?"

"அதை நம்ப முடியலை சார்."

"ரெண்டாவது?"

"அதுவும் அப்படித்தான்."

"மூணாவதுக்குச் சந்தாவே கட்டியாச்சு! சந்தையில தக்காளியை அமுக்கிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணா அமுக்கிட்டிருந்தா எப்படி?"

அவள் எழுந்தாள், ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்து நகத்தைக் கடித்தாள். நாலாவது மென்பொருளும் கோடு போட்டு முடித்தது; அதையும் அச்சிட்டாள்.

நசோம்பா நாலு வரைபடங்களையும் பிடுங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாலும் ஒரே கோடுதானே! இலவசமே போதுமே. அதுல என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லை சார்." வெள்ளம் கூடும் இடத்தில் விரலை வைத்தாள். "இங்கதான் அம்மாவோட புது வீடு இருக்கு. ஏதாவது ஒண்ணாவது கோட்டைத் தள்ளிப் போடாதான்னு பார்த்தேன்."

நசோம்பாவின் குரல் இறங்கியது. "முதல்ல அம்மாவை அங்கிருந்து கூட்டிட்டு வா. வீட்டுக்கு இந்த இடத்தை எவன் பார்த்துக் கொடுத்தானோ, அவனை உதைக்கணும்."

அம்மாவை அழைக்க அலைபேசியை எடுத்தபடி தியாமிகே சொன்னாள்:

"பார்த்துக் கொடுத்ததே நான்தான் சார்."