ஒற்றைக் கை

நொயேமி மூன்றாவது முறையாக பானெட்டைத் தூக்கினாள். கோளாறு இன்னும் பிடி கொடுக்கவில்லை.

"பவர் ஸ்டீயரிங் செத்துப்போச்சும்மா. ஒரு வருஷமா ஒரே கனம். என்னன்னு பாரு," என்று சொல்லிவிட்டு அவள் அப்பா எலாடியோ உள்ளே போய்விட்டார்.

அறுபத்துநாலாம் வருடத்துக் கார். அவள் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. ஓட்டிப் பார் என்று சாவியை இன்றுவரை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஞாயிறு மாலை இந்த மாதிரிக் கார்கள் வரிசையாகப் போகும். தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்தி, நத்தை வேகத்தில். ஓட்டுகிறவர் ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் திருப்ப வேண்டும். இரண்டு கை வைத்தால் தெருவே சிரிக்கும்.

போன ஞாயிறு எலாடியோ இரண்டு கையும் வைத்துவிட்டார்.

"என்ன எலாடியோ, பஸ்ஸா ஓட்டுற?" என்று பக்கத்துக் காரிலிருந்து ஒருவர் கத்தினார். இவர் சிரித்து மழுப்பினார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வரும் சனிக்கிழமை பேத்தி யாரெலிக்குப் பதினைந்து வயது நிறைகிறது; அவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு அது கல்யாணம் மாதிரிப் பெரிய விழா. தேவாலயத்திலிருந்து மண்டபம்வரை கார் ஊர்வலம். முதல் கார் தாத்தாவுடையது. பின்சீட்டை அடைத்துக்கொண்டு விரிந்த பாவாடையோடு பேத்தி. வேறு யாராவது ஓட்டட்டும் என்று சொல்லும் துணிச்சல் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது.

நொயேமி பஸ் டிப்போவில் மெக்கானிக். புரியாத கோளாறு என்றால் அவளுக்குப் பசிகூட மறந்துவிடும். பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள்; விறைப்பாக இருந்தது. டயரில் காற்று சரி. பம்ப் ஒழுங்காகச் சுற்றியது. எண்ணெயும் நிறைய இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சங்கூடக் கருக்கவில்லை.

அதுதான் உறுத்தியது. உழைத்த எண்ணெய் இப்படியா இருக்கும்?

ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பினாலும் பம்ப் ஒரு முனகல்கூட முனகவில்லை. "அட சோம்பேறி, நீ என்ன வேலைதான் செய்யிற?" என்று அதையே கேட்டுவிட்டு, டார்ச்சோடு காருக்கு அடியில் புகுந்தாள்.

பம்ப்பிலிருந்து கிளம்பிய ஹோஸ், சக்கரத்தைத் திருப்ப உதவும் சிலிண்டருக்குப் போகவே இல்லை. பாதியில் வளைந்து பம்ப்புக்கே திரும்பியிருந்தது. அந்த வளைவை ஒரு கம்பி இறுக்கிக் கட்டியிருந்தது. அதன்மேல் பல வருடத்து மண்ணும் கிரீஸும் கல்லாகியிருந்தன.

கம்பியின் நுனி, யார் கையையும் கிழிக்காதபடி சின்ன வளையமாக மடிக்கப்பட்டிருந்தது. வேலியானாலும் அவளுடைய சின்ன வயசு சைக்கிளானாலும் அப்பா கம்பி கட்டுவது இப்படித்தான்.

அப்படியானால் அவளுக்கு நினைவு தெரிந்த நாள்முதல் இந்தக் காரில் பவர் ஸ்டீயரிங் வேலை செய்ததே இல்லை. அத்தனை ஞாயிறும் அதைத் திருப்பியது அவருடைய ஒற்றைக் கைதான்.

கனத்துப்போனது கார் இல்லை.

இது அவருக்கே மறந்துவிட்டதா? அடியில் மல்லாந்து கிடந்தபடியே நொயேமிக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் முடிவெட்டப் போனார். போனால் அரட்டை முடிந்து திரும்ப மதியமாகிவிடும். அதற்குள் வேறொரு சிலிண்டரை மாட்டி, புது ஹோஸ்களை இணைத்துவிட்டாள்.

"பெல்ட் கொஞ்சம் லூஸா இருந்துச்சுப்பா. அவ்வளவுதான்," என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

எலாடியோ ஏறி உட்கார்ந்தார். தெருமுனைவரை போய், நத்தை வேகத்தில் திரும்பி வந்தார். ஒரு கை ஜன்னலில். இன்னொரு கையின் ஒரு விரல் மட்டும் ஸ்டீயரிங்கில்.

"பழையபடி ஆயிடுச்சு," என்றார்.

"ஆமாப்பா. பழையபடிதான்."

இறங்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தக் கம்பிய எங்கேம்மா போட்ட?"