இன்னொரு செருந்தி

செருந்தி என்பது ஒரு மஞ்சள் பூ. சர்வேயராக ஊர் ஊராகச் சுற்றிய அப்பா எங்கோ அதைப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் பெயராக வைத்தார். "தமிழ்நாட்டுலயே உனக்கு மட்டுந்தான் இந்தப் பேரு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நர்ஸ் "செருந்தி" என்று கூப்பிட்டதும் எழுந்தேன். எதிர் வரிசையில் இன்னொருத்தியும் எழுந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள்.

"உங்களுக்கு யாருங்க இந்தப் பேர வச்சது?" என்று கேட்டேன்.

"எங்கப்பா. தமிழ்நாட்டுலயே உனக்கு மட்டுந்தான்னு சொல்லிட்டே இருப்பாரு. இப்ப அவரு இல்ல."

நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இனிஷியல் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தப் பொண்ணத்தான் கூப்பிடுறாங்க. நீ உக்காரு."

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவளைக்கூட எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரிக்காமல் விடாதவள் அம்மா. எதிரே நின்றவளை மட்டும் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.